மேலத்தாதம்பட்டிக்குப் பெண் கேட்டு ஓர் ஆவணப்படம்

அருப்புக்கோட்டையில் என்னைத் தெரியாதவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, நிஜமாகவே தெரியாதவர்கள். இன்னொரு வகை, நன்றாகத் தெரிந்தும் எதிரில் வந்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொள்பவர்கள். நன்கொடை கேட்டுவிடுவேனோ என்ற பயம். என் விசிட்டிங் கார்டில் 'சமூக அக்கறையுள்ள ஆவணப்பட இயக்குநர், மனிதநேயச் செயற்பாட்டாளர்' என்று இருக்கிறது. இவ்வளவையும் போட்ட பிறகு இடம் பற்றவில்லை என்று அச்சகத்துக்காரர் ஆனந்தகுமார் என்ற என் பெயரைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டார். கண்ணாடி இல்லாமல் அதை வாசிக்க என்னாலேயே முடியாது.

என் அப்பா நூல் வியாபாரி. கடைசி வரைக்கும் அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அது எந்தத் தியேட்டர்லப்பா ஓடுது?" தியேட்டரில் ஓடாது, விழாக்களில் காட்டுவார்கள் என்பேன். "டிக்கெட்டு?" கிடையாது என்பேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நூல் கட்டைத் தட்டி அடுக்க ஆரம்பித்துவிடுவார்.

முதல் படம், விசைத்தறிச் சத்தம் தொழிலாளர்களின் காதை என்ன செய்கிறது என்பது பற்றியது. ஒலிப்பதிவு சரியில்லாமல் போனதால் படத்தில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. அடுத்தது, திருச்சுழிப் பக்கம் வேலிக்கருவை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்களைப் பற்றியது. புகையில் ஒருவர் முகமும் தெரியவில்லை. அதைக் கலையம்சம் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். நானும் அப்படித்தான் திட்டமிட்டேன் என்று பேட்டியில் சொன்னேன். இந்தப் படங்களையெல்லாம் தயாரித்தது என் மனைவி சண்முகவடிவின் பேன்சி ஸ்டோர். என் சமூக அக்கறை முழுவதும் வளையலிலும் ரிப்பனிலும் கிளிப்பிலும் வந்தது. மழைக்கால நிவாரணத்துக்கு நான் கொடுத்த அரிசிப் பைகளைவிட, கொடுக்கும்போது எடுத்துக்கொண்ட போட்டோக்கள் அதிகம் என்று அவள் சொல்வாள். மறுத்துப் பேச ஆதாரம் என்னிடம் இல்லை. போட்டோக்கள்தான் இருக்கின்றன.

மூன்றாவது படம்தான் பெயர் வாங்கித் தந்தது. 'ஒரு குடம் தூரம்'. எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள மேலத்தாதம்பட்டியில், பெண்கள் குடிதண்ணீருக்கு நடக்கும் நடை. ஒன்பது வருடம் ஆகிறது. அதில் குருவம்மாள் என்ற அக்கா, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக நின்று கேமராவைப் பார்த்துச் சொல்வார்: "எம் எதிரி வீட்டுப் பொண்ணக்கூட இந்த ஊருக்குக் கட்டிக் குடுத்துராதீக." அதோடு திரை இருண்டுவிடும். அந்த இருட்டு என் யோசனை. ஒரு விழாவில் அந்த இடத்தில் கை தட்டினார்கள். மற்ற விழாக்களில் படம் முடிந்ததா, கரண்டு போய்விட்டதா என்று திரும்பிப் பார்த்தார்கள்.

நிற்க. விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஆவணியில் ஒரு காலை, கடையில் சண்முகவடிவு வரும்வரை கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது.

"ஆனந்தகுமார் தம்பியா? மேலத்தாதம்பட்டி நல்லமுத்து பேசுறேன். குருவம்மா வீட்டுக்காரரு."

எனக்குப் பாராட்டு விழா என்றுதான் தோன்றியது. சால்வை மாதிரி விஷயங்களில் என் மூளை வேகமாக வேலை செய்யும்.

"சொல்லுங்க அண்ணாச்சி. ஊருக்குத் தண்ணி வந்துருச்சா?"

"தண்ணி கெடக்கட்டும் தம்பி. வீட்டுக்கு வரவேண்டிய பொண்ணு நின்னு போகப் போகுது. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

அவர் மகன் பாண்டீஸ்வரன், லோடு வண்டி ஓட்டுகிறான். வயது முப்பத்தொன்று. ஏழெட்டு இடம் பார்த்து, எல்லோரும் ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி, கடைசியில் காரியாபட்டிப் பக்கம் ஓரிடம் கூடி வந்திருக்கிறது. செல்வலட்சுமி என்ற பெண். பூ வைத்தாகிவிட்டது. மண்டபம் பேசியாகிவிட்டது. இந்த நேரத்தில் பெண்ணின் அம்மா, மாப்பிள்ளை ஊரின் பெயரைப் போனில் தட்டிப் பார்த்திருக்கிறார். உலகத்தில் அந்த ஊரைப் பற்றி இருந்த ஒரே படம் என் படம்.

"பொண்ணக் குடுத்துராதீகன்னு மாப்பிள்ளையப் பெத்தவளே சொல்லுதாளே, இதுக்கு மேல நாம என்ன விசாரிக்கணும்னு கேக்காகளாம்," என்றார் நல்லமுத்து.

நான் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் அக்கம்பக்கத்து ஆட்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் எழுந்து கும்பிட்டார். "வாங்க சாரு. ஊருக்கே நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டீக. இன்னும் ரெண்டு எளவட்டம் பாக்கி இருக்கு, அதுகளுக்கும் ஒரு படம் எடுத்து விட்டுட்டீகன்னா சோலி முடிஞ்சிரும்."

குருவம்மாள் அக்கா மோர் கொண்டுவந்தார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை; தன்மேல்தான். "நாந்தான் பேசுனேன், இல்லேங்கல. மூஞ்சிக்கு நேரா ஒரு மெசினக் கொண்டாந்து நீட்டுனா வாய் சும்மா இருக்குமா? அன்னிக்கி இடுப்பு வலி வேற. எதிரி வீட்டுப் பொண்ணத்தான் சொன்னேன். எம் மருமகளவா சொன்னேன்?"

நல்லமுத்து நேராக வந்தார். "தம்பி, அந்தப் படத்த அழிச்சிருங்க."

இணையத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்த படம். அதில் பாதிப் பேர் நானே என்றாலும், மீதிப் பாதி அந்நியர்கள். நிதானமான, மனிதநேயக் குரலில் விளக்கினேன். அழித்தால் சந்தேகம் கூடும். பெண் வீட்டார் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். படத்துக்குப் படம்தான் பதில். ஊரின் இன்றைய நிலையைக் காட்டி ஒரு மூன்று நிமிடம் எடுத்து வாட்சப்பில் அனுப்புவோம். இப்போது வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறதே.

"கொழா இருக்கு," என்றான் பாண்டீஸ்வரன்.

"தண்ணி?"

"அது வந்தா வரும் சாரு."

தெருக்குழாயில் ஆற்றுத் தண்ணீர் எப்போதாவது வரும். வீட்டுக் குழாய் அதைவிடக் கூச்ச சுபாவம். ஆனால் நல்லமுத்து மாடியில் ஒரு கறுப்புத் தொட்டி வைத்திருந்தார். டிராக்டர் தண்ணீர் ஒரு லோடு வாங்கி அதை நிரப்பி, ஒரு குழாயை வீட்டுக் குழாயோடு இணைத்தால் திறந்ததும் கொட்டும். இருபது வருடமாக மேடைக்கு மேடை 'புனைவு கலக்காத நிஜம்' என்று பேசி வந்தவன், அன்றைக்குப் பிளம்பருக்கு டார்ச் பிடித்தேன்.

காட்சி எளிமையானது. குருவம்மாள் அக்கா குழாயைத் திறக்க வேண்டும். கை கழுவ வேண்டும். குழாயை மூடாமல், தண்ணீர் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, கேமராவைப் பார்த்து, "எங்க ஊர்ல தண்ணிக்குக் கொறச்சலே இல்ல" என்று சொல்ல வேண்டும்.

முதல் தடவை, தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டதும் அக்கா வசனத்தை விட்டுவிட்டு உள்ளே ஓடி ஒரு குடத்தைக் கொண்டுவந்து கீழே வைத்தார்.

"அக்கா, கொடம் வேணாம்."

"கீழ போகுதுல்ல சாரு."

குடங்களையெல்லாம் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். இரண்டாவது தடவை, ஒரு கையால் கேமராவுக்குச் சைகை காட்டிப் பேசிக்கொண்டே இன்னொரு கையால் குழாயை மூடிவிட்டார். ஏன் மூடினீர்கள் என்றால், மூடினேனா என்று என்னையே திருப்பிக் கேட்டார். மூன்றாவது தடவை அக்கா சரியாகச் செய்தார். என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த நல்லமுத்துதான், தண்ணீர் மண்ணில் ஓடி வேப்பமரத்து அடிவரைக்கும் போனதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், "ஏ, நிப்பாட்டு, நிப்பாட்டு! கூறு இருக்கா?" என்று கத்திவிட்டார். அதற்குள் சத்தம் கேட்டுத் தெருப் பெண்கள் குடத்தோடு வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். வந்தவர்களை இல்லையென்று அனுப்பக் கூடாது என்று அக்கா எல்லோருக்கும் பிடித்துக் கொடுத்தார். தொட்டி பாதி காலி.

ஒருவழியாகக் கடைசியில் ஒன்று தேறியது. தண்ணீர் கொட்டுகிறது, அக்கா சிரிக்கிறார், வசனமும் வந்துவிட்டது. சின்னத் திரையில் போட்டுப் பார்த்துவிட்டு ஊரே நன்றாக இருக்கிறது என்றது. என் வாழ்நாளில் ஊரே ஒப்புக்கொண்ட முதல் படம் அது. அன்று சாயங்காலமே பெண் வீட்டுக்கு அனுப்பினோம்.

மறுநாள் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறார்களாம். பெண்ணும் வருகிறதாம். அந்தப் படம் எடுத்தவரும் இருந்தால் நல்லது என்று சொன்னார்களாம்.

"பொண்ணே வருதாமா? வீடு பாக்க?" நல்லமுத்து இதை என்னிடம் மூன்று தடவை போனில் கேட்டார். நான் சண்முகவடிவிடம் சொன்னேன்.

"புத்திசாலிப் பொண்ணா இருக்கு. எங்கப்பாவுக்கு அப்ப இது தோணல," என்றாள்.

ஞாயிறு காலை காரில் வந்தார்கள். பெண்ணின் அப்பா வீரபாண்டி, மடித்த துண்டோடு, எதற்கும் உடன்படத் தயாராக இருப்பவர்போல உட்கார்ந்தார். அம்மா வரவில்லை, அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்கு நாக்கு வறண்டுகொண்டே இருக்கிறதாம். செல்வலட்சுமி, மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண். காரியாபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். பாண்டீஸ்வரன் சலவைச் சட்டையில் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தான்.

காபி வந்தது. செல்வலட்சுமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"கொழா வீடியோ எடுத்தது யாரு?"

"நான்தான்மா," என்றேன். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"தண்ணி ஓடுறப்ப அத்தையோட காலு என்ன பண்ணுதுன்னு பாத்தீகளா சார்?"

பார்த்தேன். திரையின் அடியில், சேலைக் கரைக்குக் கீழே, அக்காவின் கால் கட்டைவிரல் ஈயப்போணி ஒன்றை, கைக்கடக்கமான பாத்திரம், மெல்ல மெல்லக் குழாய்க்கு அடியில் நகர்த்திக்கொண்டிருந்தது. முகம் சிரிக்கிறது, வாய் வசனம் சொல்கிறது, கால் தன் வேலையைப் பார்க்கிறது.

"எங்கம்மாவும் இப்படித்தான். தண்ணி தாராளமா உள்ள ஊர்க்காரிக்குக் காலு இப்படிப் போகாது," என்றாள்.

வீரபாண்டி துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "அப்ப தண்ணி இல்ல?"

நல்லமுத்து தலையைத் தொங்கப் போட்டார். "இருக்கு சம்பந்தி. தெருக்கொழாயில ஆத்துத் தண்ணி வரும். என்னைக்கி வரும்னுதான் சொல்ல முடியாது. ஏமாத்தணும்னு இல்ல. முப்பத்தொரு வயசாயிருச்சு பயலுக்கு. இதும் போச்சுன்னா இனி யாரு குடுப்பா?" குரல் உடைந்து நின்றார். நான் கேமரா பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, நான் தண்ணிய விசாரிக்க வரல," என்றாள் செல்வலட்சுமி. "எங்க ஊர்ல மட்டும் என்ன, அருவியா கொட்டுது? அம்மாவுக்குத்தான் தண்ணிப் பயம். எனக்குப் பயம் வேற."

போனில் எதையோ தள்ளித் தேடி, என்னிடம் நீட்டினாள். 'ஒரு குடம் தூரம்'. படத்தின் நடுவில் வருகிற ஷாட். வெயிலில் நீண்ட ரோடு, தூரத்திலிருந்து குருவம்மாள் அக்கா இரண்டு குடத்தோடு வருகிறார், வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போகிறார். இந்த ஷாட்டைப் பற்றி நான் கல்லூரிகளில் வகுப்பே எடுத்திருக்கிறேன். சட்டகத்தின் இடப்பக்கத்தில் நான் விட்டிருக்கும் வெறுமை இந்த மண்ணின் வெறுமை என்று சொல்வேன். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

"இந்தப் பக்கம் பாலத்துக் கட்டையில உக்காந்திருக்கது யாரு?"

சிவப்புச் சட்டையில் ஒரு இளவட்டம். காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா கிட்டே வந்ததும் குடம் இடித்துவிடாமல் காலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டான். அக்கா போனதும் காலை மறுபடி தொங்கவிட்டான். நான் வகுப்பெடுத்த வெறுமை அதுதான்.

போன் கைமாறிக் கைமாறிக் கடைசியில் பாண்டீஸ்வரனிடம் போனது. அவன் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"நாந்தேன்," என்றான்.

"படம் பூராத்தையும் பாத்தேன். ஒரு ஆம்பள கையிலயும் கொடம் இல்ல," என்றாள் செல்வலட்சுமி. என்னைப் பார்த்து, "சார் கேமரா தூக்கிட்டு அத்தை பின்னாலயே அவ்வளவு தூரம் நடந்திருக்கீக. ஒரு கொடத்த வாங்கிருக்கலாம்ல?" என்றாள்.

"ஒரு ஆவணப்பட இயக்குநர் நிகழ்வில் குறுக்கிடக் கூடாதும்மா. அது ஒரு விதி," என்றேன்.

"நல்ல விதி சார்," என்றாள். கேலியா என்று இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை. நிச்சயமாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பாண்டீஸ்வரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அது... அப்ப சின்ன வயசு."

"இப்ப?"

மகனைக் காப்பாற்ற குருவம்மாள் அக்கா முந்திக்கொண்டார். "ஆம்பளப் பிள்ளையக் கொடம் தூக்க விட முடியுமா தாயி? நாஞ் செத்தா போயிட்டேன்? எம் பையன் ஒரு துரும்ப அங்கிட்டு எடுத்து இங்கிட்டு வச்சதில்ல, அம்புட்டுச் செல்லமா வளத்துருக்கேன்."

இதைவிட வினையாக ஒரு சிபாரிசு இருக்க முடியாது. வீரபாண்டி மகள் முகத்தைப் பார்த்தார். அவள் போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். கிளம்பப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வீடே என்னைப் பார்த்தது, ஏதோ அடுத்த வசனத்தை நான் கையில் வைத்திருப்பதுபோல.

அப்போதுதான் தெருவில் ஒரு குரல் எழுந்தது. "ஏ, தண்ணி வந்துருச்சு! கொழாயில தண்ணி!"

விருந்தாளி, சம்பந்தி, நின்றுபோகிற கல்யாணம் எதுவும் அக்காவின் காதில் இல்லை. எழுந்த வேகத்தில் காபிச் செம்பு உருண்டது. அடுப்படிக்குள் போய் நான்கு குடங்களோடு வெளியே வந்தார். பாண்டீஸ்வரன் எழுந்தான்.

"ஏலே, உக்காரு. ஆளுக இருக்காக," என்றார் நல்லமுத்து.

அவன் உட்காரவில்லை. வாசலில் அம்மாவை மறித்துக் குடங்களைப் பிடித்தான். "குடு."

"விடுறா. பொண்ணு வீட்டுக்காரக முன்னாடி மானத்த வாங்காத."

"குடும்மா."

இருவரும் குடங்களை இழுத்துக்கொண்டார்கள். ஒரு குடம் தெறித்து உருண்டது. கடைசியில் அவன் கையில் இரண்டும் அவர் கையில் ஒன்றும் மிஞ்சின. சலவைச் சட்டையோடு தெருக்குழாய்க்கு நடந்தான். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம், செல்வலட்சுமியும்.

குழாயடியில் ஒரே சிரிப்பு. "ஏ பாண்டீசு, வழி தவறி வந்துட்டியா?" "தாலி கட்டுறதுக்கு முன்னாடியே கொடத்தக் கையில குடுத்துட்டாளா உம் பொண்டாட்டி?" "மொதலாளி, வரிசையில நில்லுங்க, டோக்கன் உண்டு!" அவன் போய் வரிசையில் நின்றான். முறை வந்ததும் குடத்தை வைத்தான்; நேராக வைக்கத் தெரியாமல் பாதித் தண்ணீர் வெளியே விழ, நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நிறைந்த குடத்தைத் தோளில் வைப்பதா, இடுப்பிலா என்று தடுமாறி, குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது.

என் கை தானாகப் பைக்குள் போயிற்று. கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன். பின்னணியில் மொட்டை வெயில், நடுவில் நனைந்த மாப்பிள்ளை, சுற்றிலும் சிரிக்கிற பெண்கள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அதே ஊர். 'ஒரு குடம் தூரம்' இரண்டாம் பாகம். எந்தெந்த விழாவுக்கு அனுப்பலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

லென்ஸை ஒரு உள்ளங்கை மறைத்தது.

"கேமராவ உள்ள வைங்க சார்," என்றாள் செல்வலட்சுமி. "இவுக நெசமா தூக்குறாகளா, படத்துக்குத் தூக்குறாகளான்னு எனக்குத் தெரியணும்."

"முக்கியமான தருணம்மா இது."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

உள்ளே வைத்தேன். கை சும்மா இருந்ததைப் பார்த்த யாரோ ஒரு அம்மா, நிறைந்த குடம் ஒன்றை அதில் திணித்துவிட்டு, குருவம்மா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த குடத்துக்குக் குனிந்தாள். என் படத்தில் குடங்கள் அழகாக, ஒரு லயத்தோடு அசைந்து போகும். என் கையில் இருந்த குடத்துக்கு லயம் எதுவும் தெரியவில்லை. வீடு போய்ச் சேர்ந்தபோது பேண்ட் முழங்கால் வரை ஈரம், குடத்தில் பாதி. அக்கா குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அதை வாங்கி ஊற்றிக்கொண்டார்.

பாண்டீஸ்வரன் இரண்டாவது நடைக்குப் போய்விட்டான். வீரபாண்டியும் அவனோடு போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமல், ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு. மகள் அதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பாண்டீஸ்வரன் இம்முறை குடத்தைத் தோளில் ஏற்றியிருந்தான். சாய்ந்து சாய்ந்து வந்தான். ஆனால் கீழே விடவில்லை. அவளைத் தாண்டும்போது தலையை நிமிர்த்தாமல், "இன்னும் ரெண்டு நடை இருக்கு. வெயில்ல நிக்காதீக," என்றான்.

நல்லமுத்து மெல்ல அவள் அருகில் வந்தார். "தாயி, அந்தப் பழைய படத்தத் தம்பி இன்னைக்கே அழிச்சிருவாக. இனிமே யாரு கண்ணுலயும் படாது." என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் அதை நிஜமாகவே அழித்திருப்பேன், சால்வை சத்தியமாக.

"வேணாம் மாமா. அது கெடக்கட்டும்," என்றாள். "நாளப்பின்ன இவுக மறுபடி பாலத்துல போயி உக்காந்துட்டா, நான் எதக் காட்டிக் கேக்குறது?"

நல்லமுத்துவுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார். "மண்டபத்துக்காரன்ட்ட சொல்லிரட்டா தாயி?" என்றார்.

"அப்பா தண்ணி எடுத்துட்டு வரட்டும் மாமா. அவுககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க," என்று அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

நான் தொண்டையைச் செருமினேன். ஒரு படைப்பு பல ஆண்டுகள் கழித்துத் தன் உண்மையான பார்வையாளரைக் கண்டடைவது பற்றி இரண்டு வார்த்தை சொல்வது பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது. ஆரம்பித்தும்விட்டேன்.

"சாரு," என்றார் குருவம்மாள் அக்கா, உள்ளேயிருந்து. "தண்ணி நின்னுரும். பேச்சப் பெறகு பேசலாம், அந்தப் பச்சக் கொடத்த எடுத்துட்டு ஓடுங்க."